தொகுதி ஏழின் எச்சில்

இதில் எல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்று உறுதி சொல்ல மாட்டேன். வரிசை மாறியிருக்கலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாக எழுதிவிடவும் கூடும். இருபத்திரண்டு ஆண்டுகள் வாய்நல ஆய்வகத்தில் குறிப்பெழுத்தராக இருந்தவனுக்கு, நடந்ததைவிட அறிக்கையில் எழுதியதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. அறிக்கைகளில் யாரும் எதற்கும் வெட்கப்படுவதில்லை.

ஒரு காலத்தில் சென்னையில் பல் மருத்துவர் என்று ஒருவரும் மிச்சமில்லை. அவர்களுடைய சாய்வு நாற்காலிகள் முடிதிருத்தும் கடைகளுக்குப் போய்விட்டிருந்தன. குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் ஈறில் மெல்லிய படலம் ஒன்றை ஒட்டுவார்கள். அதன் பெயர் வாய்விதை. ஒரு மணி நேரத்தில் படலம் கரையும். அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் பற்களின்மேல் குடியேறும். அமிலம் சுரக்கும் கிருமிகளுக்கு இடம் இல்லாமல் போகும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுவிதைப்பு. சொத்தை என்ற சொல்லைப் பிள்ளைகள் கத்தரிக்காய்க்கு மட்டும் பயன்படுத்தினார்கள். கல்யாணப் பந்தியில் பதினான்கு இனிப்புகளுக்குப் பிறகுதான் சோறு வந்தது. பல் துலக்குவது வசதியில்லாதவர்களின் பழக்கம் என்று ஆனது.

வாய்விதையைக் கண்டுபிடித்தவர் டாக்டர் மணவாளன். கண்டுபிடித்தவர் என்பது அவருடைய சொல். எடுத்தவர் என்றால் பொருத்தமாக இருக்கும்.

அதற்கும் முன்பு, வெவ்வேறு மக்களின் வாய்கள் எப்படி இருக்கின்றன என்று அறியப் பன்னிரண்டு தொகுதிகளை அவர் தேர்ந்தெடுத்தார். தேயிலைத் தோட்டத்தார், மலைவாழ் மக்கள், மென்பொருள் குடியிருப்புக்காரர்கள், இப்படி. ஏழாவது தொகுதி வெள்ளாங்கரை உப்பளத் தொழிலாளர்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே, கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை வெயிலில், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையாக வாயைத் திறந்து நின்றார்கள். டாக்டர் பத்தடி தள்ளிக் குடைக்குள் இரட்டை முகமூடியோடு நின்றார். பல்லைச் சுரண்டிக் குப்பியில் போடும் வேலை என்னுடையது. உதவி மருத்துவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் அன்று கைவலி.

பல்லைச் சோதிக்கும் கருவியான பல்மானி இரண்டு அளவுகளைக் காட்டியது. கறை: மிக அதிகம். சொத்தை: இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வாய்களில் ஒரு சொத்தைகூட இல்லை.

"மிஷின் ரிப்பேர்" என்றார் டாக்டர்.

வேறு கருவி வந்தது. அதே அளவுகள். அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வெட்கப்படுகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தது காப்புரிமையைப் பற்றி. அறிக்கையில் இப்படி எழுதச் சொன்னார்: 'தொகுதி ஏழில் வாய்த் தூய்மை பற்றிய விழிப்புணர்வு மிகக் குறைவு.' நன்றிக்கடனாக அந்த ஊருக்கு ஒரு வாய்க்கழுவி இயந்திரம் போனது. பொத்தானை அழுத்தினால் நீலத் தண்ணீர் வரும். வாயில் இருக்கும் எல்லாக் கிருமிகளையும் கொல்லும். எல்லாவற்றையும்.

குப்பிகள் ஆய்வகத்தின் உறைபெட்டகத்துக்கு வந்தன. அவற்றிலிருந்து வளர்த்த முதல் பிரதிதான் வாய்விதை ஆனது. அந்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. நுண்ணோக்கிக்குச் சந்தனம், மையச்சுழலிக்குக் குங்குமம், கணினிக்கு மாலை. பொரிகடலையும் சர்க்கரைப் பொங்கலும் வைக்க இடமில்லாமல் ஒருவர் உறைபெட்டகத்தைத் திறந்தார்.

"இதுல என்னய்யா?" என்றார் டாக்டர்.

"தொகுதி ஏழு சார். மூலக் குப்பிகள்."

"எச்சிலை உள்ள வச்சுக்கிட்டு இதுக்கு எப்படிய்யா பொட்டு வைக்கிறது? பிரதிதான் எடுத்தாச்சே. தூக்கிப் போடு."

இருபதாண்டுக் கல்வி பெற்ற ஒன்பது பேர் அந்த அறையில் இருந்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. பெட்டகத்தை மூன்று முறை மஞ்சள் நீரால் கழுவினார்கள். குப்பிகள் நிறைந்த வாளியைக் கீழே கொண்டுபோய் எரியுலையில் கொட்டியவன் நான்.

வாயில் நூற்றுக்கணக்கான நுண்ணுயிர் வகைகள் இருக்கின்றன. அவற்றைப் பல்லோடு சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது ஒரே ஒரு வகை. கட்டுநுண்ணி என்று பின்னால் பெயர் வைத்தார்கள். கண்ணாடித் தட்டில் அது சரியாக வளராது. ஒவ்வொரு பிரதியிலும் கொஞ்சம் குறைந்தது. பிரதியின் பிரதி, அதன் பிரதி என்று போய்ப் பத்தொன்பதாம் ஆண்டில் கட்டுநுண்ணியே இல்லாத வாய்விதை நாடு முழுவதும் மறுவிதைப்பு ஆனது. பற்கள் சுண்ணாம்புக்கட்டிபோல உதிரத் தொடங்கின.

டாக்டரின் ஒரே மகள் வசுமதி. கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை நான் அவர் வீட்டில் கோப்புகளோடு காத்திருந்தபோது அவள் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்து, உள்ளங்கையை அவர்முன் நீட்டினாள். பாதிப் பல்.

"இட்லிப்பா" என்றாள். "முறுக்குகூட இல்ல. இட்லி."

இரண்டு மாதத்தில் ஒன்பது பற்கள் போயின. மிச்சமுள்ளவற்றுக்கு ஐந்து மாதம் என்றது பல்மானி. அவள் கையால் வாயை மூடிக்கொண்டு பேசப் பழகினாள். டாக்டருக்கு மூல வாய் வேண்டியிருந்தது. நீலத் தண்ணீர் படாத ஒரு வாய் வெள்ளாங்கரையில் மிச்சமிருந்தால் மகளின் பல் பிழைக்கும். மூவரும் கிளம்பினோம்.

வாய்க்கழுவி இயந்திரத்தின்மேல் கோழிகள் உட்கார்ந்திருந்தன. உப்புக் குவியலுக்கு ஓலை மூடிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். சுடலைவடிவு. அன்று வரிசையில் வாயைத் திறந்து நின்றவர்களில் ஒருத்தி; இப்போது ஐம்பதை நெருங்கியிருந்தாள். சிரித்தபோது வெற்றிலைக் கறையோடு எல்லாப் பற்களும் இருந்தன.

"யாரு, சொரண்டுத அண்ணாச்சியா? முடியெல்லாம் கொட்டிப் போச்சே."

டாக்டர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"தெரியும்லா. அன்னைக்குக் குடைக்குள்ள நின்னிய. மூக்கப் பொத்திக்கிட்டு."

"நாங்க குடுத்த வாய்க்கழுவியை யூஸ் பண்ணீங்களா?"

"மொத வருசம் எல்லாவளும் கொப்புளிச்சா. ஆறு மாசத்துல ஊரே பல்லு வலின்னு கெடந்துது. நான் வாயில ஊத்தல. என் வாய் என்ன கக்கூசா, நீலத் தண்ணி ஊத்திக் கழுவ? பெறகு நாந்தான் ஆளுக்கொரு கடி குடுத்தேன். சரியாப் போச்சு."

"கடின்னா?"

"கருப்பட்டிய நான் கடிச்சிட்டு மிச்சத்தக் குடுப்பேன், அவுக திம்பாவ. பல்லு மொளைக்கயில எல்லாப் பிள்ளைக்கும் பெத்தவ குடுக்கதுதான. எங்கம்மை எனக்குக் குடுத்தா."

உறைபெட்டகம், காப்புரிமை, பதினேழு நாடுகளில் உரை, எல்லாம் ஒரு துண்டுக் கருப்பட்டியில் முடிந்துவிடுகிற கணக்கு. டாக்டரின் முகத்தில் அது தெரியவில்லை. அந்த முகம் அப்படிப்பட்ட கணக்குகளுக்குப் பழகியதல்ல.

"ஒரே ஒரு தடவை சுரண்டிக்கிறோம்மா" என்றார். "பொண்ணுக்குப் பல்லெல்லாம் போகுது."

சுடலைவடிவு வசுமதியின் முகவாயைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள்.

"ஐய, கெழவி வாய் மாரி ஆயிட்டே தாயி." டாக்டரிடம் திரும்பினாள். "சொரண்டுனது போதும். குப்பியில குடுத்தா அத யாருதுன்னு சொல்லுவிய? ஒங்களுதும்பிய. பிள்ளைக்குத் தாரேன். எங்க பிள்ளைக்குக் குடுக்காப்புல, கையில. வேணும்னா வாங்கட்டு."

மடியிலிருந்து கருப்பட்டித் துண்டை எடுத்தாள். டாக்டர் அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். சலவை மடிப்புக் கலையாத கைக்குட்டை.

"இதைச் சுத்தி... காக்காக்கடி மாதிரி கடிச்சுக் குடுத்தீங்கன்னா..."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு குவியலைச் சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நுண்ணுயிரியலில் இரண்டு முனைவர் பட்டம் பெற்றவர், எச்சிலுக்காக அறுநூறு கிலோமீட்டர் வந்து, எச்சில் படாமல் எச்சில் கேட்டார்.

"துணி வச்சுக் கடிச்சா துணிக்குத்தான் பல்லு மொளைக்கும் டாக்டரே."

"குடுங்கக்கா" என்று வசுமதி கையை நீட்டினாள்.

"வசு, இரு. லேப்ல ஏதாவது..."

"பத்தொம்பது வருஷமா இவங்க எச்சிலைத்தானப்பா பாக்கெட் போட்டு எனக்கு ஒட்டுனீங்க. இப்ப மட்டும் என்ன?"

சுடலைவடிவு கடித்துக் கொடுத்த மிச்சத்தை அவள் வாயில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சப்பினாள். சுடலைவடிவு இன்னொரு துண்டைக் கடித்து டாக்டரிடம் நீட்டினாள். அவருக்கும் கடைவாயில் நான்கு போயிருந்தன.

டாக்டர் கடலைப் பார்த்தார்.

"எனக்கு சுகர் இருக்கு" என்றார்.

அவருக்குச் சர்க்கரை இல்லை. அவருடைய மருத்துவக் கோப்பு என் அலமாரியில்தான் இருந்தது.

அதே துண்டு என்னிடம் வந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மதுரை தாண்டியதும் காரை நிறுத்தச் சொல்லி வேலியோரம் எறிந்தேன். அப்போது எனக்கு இரண்டு பற்கள்தான் ஆடின.

நான்கு வாரத்தில் வசுமதியின் பற்கள் இறுகின. பல்மானி பழைய அளவுகளைக் காட்டியது. டாக்டர் சுரண்டியும் குப்பியுமாக மகள் முன்னால் போய் உட்கார்ந்தார். அவள் மேசையிலிருந்த அதிரசத்தைக் கடித்து மிச்சத்தை நீட்டினாள்.

"சுரண்ட வேணாம்ப்பா. இதைச் சாப்பிடுங்க. அம்மா, நீயும். யார் வேணா வரட்டும், எல்லாருக்கும் தரேன்."

அவள் அம்மா கோமளம் அதிரசத் தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எந்த ஊர்லயோ யாரோ துப்பினதை நடு வீட்டுக்குக் கொண்டுவந்துட்டியேடி" என்றாள். மறுநாள் முதல் வசுமதிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். அவளுடையதைக் கழுவத் தனியே ஒரு நார்.

அவள் கல்லூரி வாசலில் நின்று கேட்டவர்களுக்கெல்லாம் கடித்துக் கொடுத்தாள். முதல் வாரம் முந்நூறு பேர் வந்தார்கள். இது எந்த மக்களின் வாயிலிருந்து வந்தது என்று செய்தித்தாளில் வந்ததும் வரிசை மறைந்தது. வாங்கித் தின்றவர்களில் பாதிப்பேர் கோயில் குளத்தில் முழுகினார்கள். எங்களுக்குப் பல் வேண்டும், ஆனால் யாருடையது என்று தெரியாததாக வேண்டும் என்று மனுக்கள் குவிந்தன. ஆய்வகம் மக்கள் விருப்பத்துக்குப் பணிந்தது. வசுமதி தூங்கும்போது எடுத்த படலத்தைக் கொதிக்கவைத்து, மூன்று முறை வடிகட்டி, 'தூய வாய்விதை' என்று வெளியிட்டது. அதில் உயிருள்ளது எதுவுமில்லை. எல்லாரும் ஒட்டிக்கொண்டார்கள்.

இப்போது சென்னையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பொய்ப்பல் வைத்திருக்கிறார்கள். டாக்டர் மணவாளன் பொய்ப்பல் ஆய்வகத்தின் தலைவராக இருக்கிறார். குழைந்த சோறு சாப்பிடுகிறார். கோமளத்துக்கு ஒரு பல்லும் இல்லை. வசுமதி வீட்டை விட்டுப் போய்த் தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள்; மிஞ்சிய பற்கள் அப்படியே இருக்கின்றன. சுடலைவடிவு உப்பளத்தில்தான் இருக்கிறாள். மூட்டை இடித்து ஒரு பல் போனது. எனக்கு மேல்வரிசையில் நான்கு இருக்கின்றன.