வட்டிக்கு லீவே இல்லை

வீட்டில் அவளை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பத்து. எந்த விஷயமானாலும் இரண்டு கேள்வியாவது கேட்காமல் விடமாட்டாள் என்பதால் அப்பா வைத்த பெயர் அது.

தம்பிக்குப் பெயர் பொட்டலம். பிறந்த அன்று அவனைத் துணியில் சுற்றி, மூக்கு மட்டும் தெரியும்படி கொண்டுவந்து காட்டினார்களாம். "இது என்ன பொட்டலம்?" என்று வக்கீல் கேட்டாளாம். அதுவே நிலைத்துவிட்டது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் அவருக்குத்தான் போன் வரும். அம்மா திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தார். இரண்டு சம்பளம் வருகிற வீடு. பணத்தைப் பற்றி வக்கீல் யோசித்ததே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் அப்பா கார்டை எடுத்துத் தேய்ப்பார். பொருள் வீட்டுக்கு வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை, சூப்பர் மார்க்கெட்டில், அந்தக் கார்டு வேலை செய்யவில்லை.

வண்டி நிறையச் சாமான். பில் போடும் அக்கா கார்டைத் தேய்த்தார். இயந்திரம் ஒரு மாதிரியாகக் கத்தியது.

"வேற கார்டு இருக்கா சார்?"

"இன்னொரு தடவை பாருங்கம்மா."

மறுபடியும் கத்தியது. வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். அப்பாவின் காது சிவந்துபோனது.

அம்மா கைப்பையில் இருந்த பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு அரிசி, பால், சோப்பு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். பொட்டலம் தன் கையிலிருந்த சாக்லேட் பெட்டியைத் தானாகவே கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு வந்தான்.

"பரவாயில்ல. அது எங்க போகப்போகுது, இங்கதான இருக்கும்" என்றான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் வக்கீல் ஆரம்பித்தாள்.

"அப்பா, கார்டுல பணம் தீர்ந்துபோச்சா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"சொல்லிடுங்க. தெரிஞ்சுக்கட்டும்" என்றார் அம்மா.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதுல இருக்கிறது நம்ம பணமே இல்லம்மா. பேங்க் குடுக்கிற கடன். ஃப்ரிட்ஜ் ரிப்பேராகி புதுசு வாங்கினோம்ல, அப்ப எடுத்தது. அப்புறம் இவன் கை உடைஞ்சு ஆஸ்பத்திரிக்கு. அதோட நிறுத்தியிருக்கணும். பெரிய டிவி, எனக்குப் புது போன்னு தேய்ச்சுத் தேய்ச்சுப் பழகிப்போச்சு."

"இப்ப எவ்வளவு கடன்?"

அவளுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று அப்பா யோசித்தார். "நான் அஞ்சு மாசம் வேலைக்குப் போகணும். அந்தச் சம்பளத்துல ஒரு காசுகூட எடுக்காம அப்படியே குடுக்கணும். அப்பதான் அடையும்."

வக்கீல் ஐந்து மாதத்தைக் கற்பனை செய்து பார்த்தாள். தினமும் காலையில் அந்தக் கனமான கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பா கிளம்புவது. சாயங்காலம் விரலெல்லாம் மசகுக் கறையோடு திரும்பி வருவது. மழைக்காலம் தொடங்கி வெயில்காலம் வரை அத்தனை நாளும் மொத்தமாக ஒரு சின்ன அட்டைக்குள் போய்விட்டதா?

"மாசா மாசம் கட்டுறீங்களே, ஏன் குறையல?"

"குறைஞ்ச தொகைன்னு ஒண்ணு சொல்வாங்க. அதை மட்டும்தான் கட்டுறோம். அதுல முக்காவாசி வட்டிக்கே போயிடுது."

"வட்டி தினமும் வளருமா?"

"தினமும்."

"நாம தூங்கும்போது?"

"அப்பவும்."

"ஞாயித்துக்கிழமை?"

"அதுக்கு லீவே இல்ல" என்றார் அப்பா.

வக்கீல் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வட்டிக்குக் கையில்லை, காலில்லை, கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் இதே வீட்டில், இவர்கள் சாப்பிடும்போதும் சிரிக்கும்போதும் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது.

"அதுக்குச் சாப்பாடு வேணாமா?" என்று கேட்டான் பொட்டலம்.

"நம்ம சம்பளம்தான் அதுக்குச் சாப்பாடு" என்றார் அம்மா.

வக்கீல் மெதுவாகக் கேட்டாள். "அப்ப குறைஞ்ச தொகைக்கு மேல நிறையக் கட்டினா?"

"கட்டலாம்" என்றார் அம்மா. "எங்கேர்ந்து எடுக்கிறதுன்னு நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்ததே இல்ல. அதான் விஷயம்."

மறுநாள் உட்கார்ந்தார்கள். சமையலறை மேசை முழுக்கப் பில்கள். அம்மா பேங்குக்குப் போன் போட்டார். ஜன்னலைத் தப்பாக அளந்து சொல்லிவிட்டுச் சண்டைக்கு வருகிற வாடிக்கையாளர்களிடம் பேசும் குரல் ஒன்று அம்மாவுக்கு உண்டு. அந்தக் குரலில் பேசினார். காத்திருக்கச் சொல்லி அவர்கள் பாட்டுப் போட்டார்கள். பொட்டலம் அதற்கு ஆடினான். பாட்டு நான்கு முறை திரும்ப வந்து, அவன் ஆடிக் களைத்த பிறகு, வட்டியைக் கொஞ்சம் குறைத்துத் தவணையாகக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

அம்மா தையல் கத்தரிக்கோலை எடுத்து வந்து கார்டை அப்பாவிடம் நீட்டினார். அப்பாவே வெட்டினார்.

பிறகு பழைய டப்பாக்களைக் கழுவி வரிசையாக வைத்தார்கள். வாடகைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, கரண்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பஸ்ஸுக்கு, கடனுக்கு. சம்பளம் வந்ததும் முதலில் கடன் டப்பா. ஒரு டப்பா காலியானால் இன்னொன்றில் கை வைக்கக்கூடாது. எல்லா டப்பாவிலும் பொட்டலம் படம் வரைந்தான். கடன் டப்பாவில் பெரிய வாயும் பல்லும் வரைந்தான்.

கடைசியாக ஒரு குட்டி டப்பா மிஞ்சியது. ஊர் சுற்ற, சினிமா பார்க்க.

"இது வக்கீல் பொறுப்பு" என்றார் அப்பா.

முதல் மாதம் சொதப்பலாகத்தான் போனது. மாதம் முடியும் முன்பே சாப்பாட்டு டப்பா காலி. வீட்டில் இருந்தது ஒரு பை உருளைக்கிழங்கு. வறுவல், பொரியல், மசியல், மறுபடி வறுவல். மூன்றாம் நாள் தட்டைப் பார்த்ததும் பொட்டலம் உருளைக்கிழங்குக்கு வணக்கம் சொன்னான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அப்புறம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

அடுத்த மாதம் கவனமாக இருந்தார்கள். அப்பா மதியச் சாப்பாட்டைக் கையில் எடுத்துப் போனார். சனிக்கிழமைகளில் அம்மா கூடுதலாகத் தைத்தார். வக்கீலின் பள்ளிப் பையில் ஜிப் போனபோது, புதுப் பைக்குப் பதில் திரைச்சீலைத் துண்டில் ஒரு மூடி வந்தது. நீலத்தில் வெள்ளைக் கொக்குகள். வகுப்பில் இரண்டு பேர், எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள்.

பொட்டலத்தின் ஏழாவது பிறந்தநாள் நெருங்கியது.

ராட்சத ராட்டினத்தில் ஏற்றுவதாக அப்பா எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். வக்கீல் குட்டி டப்பாவைக் கொட்டி எண்ணினாள். நான்கு பேருக்கு டிக்கெட் வாங்க அது பாதிகூட வராது.

அன்று மாலை அப்பா ஒரு மாதிரியான உற்சாகத்தோடு வந்தார்.

"இன்னைக்கு வேலை பார்த்த கட்டடத்துல ஒருத்தர் புதுக் கார்டு தர்றேன்னார். போன்லயே எல்லாம் முடிஞ்சிடுமாம். ஒரே ஒரு தடவை, ராட்டினத்துக்கு மட்டும்."

அம்மா தட்டைக் கழுவுவதை நிறுத்தினார்.

"அப்பா, அந்தக் கார்டுக்கு மட்டும் லீவு உண்டா?" என்றாள் வக்கீல்.

அப்பா உற்சாகம் வடிந்துபோய் உட்கார்ந்தார். "குழந்தைகிட்ட வாக்குக் குடுத்துட்டேனேம்மா."

அவர் முகத்தைப் பார்க்க வக்கீலுக்குப் பாவமாக இருந்தது. "இருங்கப்பா, அவனையே கேட்டுட்டு வரேன்."

பொட்டலம் கட்டிலுக்கு அடியில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தான். அவளும் ஊர்ந்து உள்ளே போனாள்.

"டேய், ராட்டினத்துல உனக்கு என்னடா பிடிக்கும்? சுத்துறதா?"

"சுத்தினா வாந்தி வரும்."

"அப்புறம் எதுக்கு ஏறணும்ங்கிற?"

"மேல போய் கொஞ்ச நேரம் நிக்கும்ல. அப்ப ஊர் எங்க முடியுதுன்னு பார்க்கணும்."

வக்கீல் கட்டிலுக்கு அடியிலிருந்து வேகமாக வெளியே வந்ததில் தலை இடித்துக்கொண்டாள். தலையைத் தேய்த்தபடியே அப்பாவிடம் ஓடினாள்.

"நீங்க வேலை பார்க்கிறதுலயே ரொம்ப உயரமான கட்டடம் எதுப்பா?"

அப்பா அவளையே பார்த்தார். அப்புறம் மெல்லச் சிரித்தார்.

கட்டடத்தின் மேலாளரிடம் அனுமதி கேட்டார். தானும் கூட வருவதாக இருந்தால் சரி என்று அந்தப் பெண்மணி ஒப்புக்கொண்டார். பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பஸ் டிக்கெட்டுக்கு வக்கீல் தன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

லிஃப்டில் ஏறிக் கடைசி மாடி வரை போய், அங்கிருந்து ஓர் இரும்புப் படியில் ஏறினால் ஒரு கதவு. அப்பா திறந்தார். உள்ளே தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது.

"இதைத் தாண்டக்கூடாது."

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சக்கரம். அதன் மேல் ஓடிய தடித்த இரும்புக் கயிறுகள் தரையில் இருந்த பிளவு வழியாக ஆழத்துக்குள் இறங்கின. எல்லாம் அசையாமல் இருந்தன. யாரோ, எங்கோ கீழே ஒரு மாடியில் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். சக்கரம் கண் விழித்ததுபோல் லேசாக முனகிச் சுற்ற ஆரம்பித்தது.

"இந்த மோட்டாரா அவ்வளவு பேரையும் தூக்குது?" வக்கீல் ரகசியம்போலக் கேட்டாள்.

"தனியாத் தூக்கல. கயித்தோட அந்தப் பக்கம் ஒரு எடை தொங்குது. லிஃப்ட் ஏறினா அது இறங்கும். லிஃப்ட் இறங்கினா அது ஏறும்." அப்பா சக்கரத்தின் சத்தத்தைக் கேட்பதற்காகத் தலையைச் சாய்த்தார். "நல்லா ஓடுது."

வீட்டில் சாக்ஸைத் தேடத் தெரியாத அப்பா, இங்கே வேறு ஆளாக நின்றார். வக்கீல் சக்கரத்தையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

பிறகு மேலாளர் மொட்டைமாடிக் கதவைத் திறந்துவிட்டார்.

காற்று முகத்தில் மோதியது. அப்பா பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டார். கீழே சாலைகள் நூல் கண்டு பிரிந்ததுபோல் கிடந்தன. பஸ்கள் சத்தமே இல்லாமல் நகர்ந்தன. வீடுகளைத் தாண்டி ஆறு, ஆற்றைத் தாண்டி மறுபடி வீடுகள், அப்புறம் பச்சை. அதற்கும் அப்பால் நீலமாக மலைகள். அவற்றின் பின்னால் இன்னும் மங்கலாக வேறு மலைகள்.

பொட்டலம் வெகுநேரம் பார்த்தான்.

"முடியவே இல்லையே" என்றான் கடைசியில், மிகச் சின்னக் குரலில்.

"எத்தனை வருஷமா இங்க வரேன்" என்றார் அப்பா. "ஒரு நாள்கூட இந்தப் பக்கம் வந்து நின்னு பார்த்ததில்ல. வேலையை முடிச்சுட்டு ஓடிடுவேன்."

அம்மா அவர் தோளில் கை வைத்துக்கொண்டார். நால்வரும் வெயில் ஏறும் வரை அங்கேயே நின்றார்கள்.

அதன் பிறகும் கடன் உடனே தீர்ந்துவிடவில்லை. முதலில் நத்தைபோலத்தான் குறைந்தது. ஒரு மாதம் அம்மாவுக்குப் பல்வலி வந்து செலவாகிக் குறையவே இல்லை. ஆனால் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. மாதா மாதம் அதே தொகையைத்தான் கட்டினார்கள். கடனோ வேகமாகக் கரைய ஆரம்பித்தது.

"எப்படிம்மா?" என்று கேட்டாள் வக்கீல்.

"கடன் சின்னதாக ஆக, வட்டியும் சின்னதாகுது. நாம கட்டுறது இப்ப கடனுக்கே போகுது."

இத்தனை நாள் தூங்காமல் வளர்ந்தது, இப்போது அவர்கள் கண்ணெதிரே இளைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் அம்மா போனில் காட்டுகிற எண்ணை வக்கீல் நம்ப முடியாமல் பார்ப்பாள்.

இன்னொரு மழைக்காலம் வந்தது. ஒரு மதியம் அம்மா கடைசித் தவணையைக் கட்டிவிட்டுப் போனை மேசையில் வைத்தார். திரையில் சைபர் இருந்தது. நான்கு தலைகளும் அதன் மேல் குனிந்தன.

"ஒண்ணுமே இல்லையே" என்றான் பொட்டலம்.

"ஆமாம்டா, ஒண்ணுமே இல்ல" என்றார் அம்மா.

அடுத்த சம்பள நாளன்று அப்பா வழக்கம்போல் மேசையில் உட்கார்ந்தார். பழக்கத்தில், கடனுக்கான பணத்தை முதலில் எண்ணிக் கையில் எடுத்தார்.

"அப்பா, அது முடிஞ்சுபோச்சு" என்றாள் வக்கீல்.

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. பணத்தைப் பார்த்தார். வரிசையாக இருந்த மற்ற டப்பாக்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் போட வேண்டியது தனியாக இருந்தது. இந்தப் பணத்தை யாருமே கேட்கவில்லை.

"இதை நான் இப்ப எங்க வைக்கிறது?" என்றார் அவர், உண்மையாகவே தெரியாமல்.

"எங்கயும் வைக்காதீங்க" என்றார் அம்மா. "கொஞ்ச நேரம் அப்படியே கையில வச்சிருங்க."