நடு மாடி காலி!

"ஐயோ...ஓ...!"

காலை ஏழு மணி. கொடைக்கானல் ஏரி மேல் பனி இன்னும் விலகவில்லை. நடு மாடியிலிருந்து கிளம்பிய அலறலில் கந்தம்மாளின் கையிலிருந்த காபி டம்ளர் துள்ளி விழுந்தது!

படியேறி ஓடினாள்.

மன்னவனூரில் இருபது வருஷம் பூண்டு போட்டு, முதுகு ஒடிந்து அவள் கட்டிய வீடு அது. கீழே அவள் குடியிருந்தாள். நடு மாடியும் மேல் மாடியும் லேப்டாப்பும் கையுமாக வருகிறவர்களுக்கு... மூன்று மாசம், ஆறு மாசம் என்று வாடகைக்கு.

நடு மாடிக் கட்டிலில் கண்ணன்! மூன்று மாசத்துக்கென்று வந்து மூன்று வாரம்கூட ஆகாத சென்னைக்காரன்.

வாய் பிளந்து... கண் செருகி... அசைவே இல்லை!

"போயிட்டாருக்கா! தூக்கத்துலயே போயிட்டாரு!" தலையிலடித்துக்கொண்டாள் அவன் மனைவி சுகன்யா.

"அடி ஆத்தி! நேத்து சாயங்காலம்கூட பஜ்ஜி தின்னுக்கிட்டு நின்னாரே! டாக்டரைக் கூப்பிடுவோம்டி!"

"வேண்டாங்க்கா!"

வாசலில் பிரசாந்த். மேல் மாடியின் ஆறு மாச வாடகைக்காரன்.

"நான் பார்த்துட்டேன். மூச்சு இல்ல. டாக்டர் வந்தா போலீஸ் வரும். போலீஸ் வந்தா ஊரே வரும். அப்புறம் இந்த வீட்டுக்கு எவன் குடி வருவான்?"

கந்தம்மாள் கணக்குப் போட்டாள். சாவு விழுந்த வீடு என்று ஆன்லைனில் ஒருத்தன் எழுதினால் போதும்... அப்புறம் வௌவாலுக்குத்தான் வாடகைக்கு விட வேண்டும்!

"நான் என்ன செய்யட்டும் தம்பி?"

"பாடியை நாங்க சத்தமில்லாம ஊருக்குக் கொண்டு போயிடறோம். நீங்க வீட்டை வித்துடுங்க. எனக்குத் தெரிஞ்ச மதுரை பார்ட்டி பாதி விலை தருவார். விஷயம் வெளிய போச்சுன்னா அதுவும் கிடைக்காது!"

அக்ரிமென்டை நீட்டினான். தயாராக வைத்திருந்தான், பாவம், உபகாரி!

பேனாவை வாங்கினாள். இருபது வருஷப் பாடு ஒரு கையெழுத்தில் போகப்போகிறதே என்று நெஞ்சு விம்மியது.

சட்டென்று பேனாவைக் கீழே வைத்தாள்.

"இரு தம்பி. மொதல்ல திருஷ்டி சுத்திப் போட்டுருவோம். மூணு மாடியும் நெறஞ்சு கெடக்குன்னு ஊரு கண்ணு பூராவும் எம்மேலதான்! அதான் சாவா வந்து விழுந்திருக்கு."

"இப்பவாக்கா?"

"கையெழுத்துப் போட்டப்புறம் வீடு எனக்கில்லையே! வெரசா வாரேன்."

வந்தாள். ஒரு கையில் கங்கு கனன்ற இரும்புச் சட்டி. மறு கையில் உப்பும் வரமிளகாயும்.

வழக்கமாக ஏழு மிளகாய்தான் போடுவாள். இது சாவு ஆயிற்றே! இரண்டு கைப்பிடி அள்ளியிருந்தாள். பிணத்தையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றி... கொட்டினாள்!

சடசடசட...!

குளிருக்குச் சாத்திய ஜன்னல்கள். குபீரென்று கிளம்பியது நெடி! கந்தம்மாள் இருமினாள். இருமிக்கொண்டே முழித்தாள்.

"இதென்ன... இப்படிக் கமறுது? திருஷ்டி இருந்தா மொளகா கமறாதே! அப்ப திருஷ்டியே இல்ல... பெறகு இந்த ஆளு எதுக்குச் செத்தாரு?"

எந்தத் துப்பறியும் புலியும் கேட்காத கேள்வி!

பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"ஹ... ஹா... ஹச்ச்ச்ச்!"

பிணம் தும்மியது!

"அடக்குண்ணே!" என்று பதறினான் பிரசாந்த்.

அண்ணனா...? மாடிப்படியில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போன இருவரும் அண்ணன் தம்பியா!

"எனக்கும் முடியலைங்க!" என்று சுகன்யா இருமினாள்.

"ஏலே...! எவன் வீட்டை எவன் அமுக்குறது?"

கந்தம்மாள் அக்ரிமென்டைப் பிடுங்கினாள். ஒரே பாய்ச்சலில் வெளியே போய்க் கதவைத் தாழிட்டாள். சட்டி உள்ளேயே புகைந்துகொண்டிருந்தது.

ஜன்னல் படாரென்று திறந்தது. கம்பிகளுக்கு நடுவே மூன்று மூக்குகள்!

"அக்கா! மதுரை பார்ட்டியே கிடையாது! வாங்கறது நாங்கதான்! திறந்து விடுங்கக்கா!"

கந்தம்மாள் நிதானமாக ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

"சார், வெரசா வாங்க. எங்க நடு மாடியில ஒரு பொணம் தும்மிக்கிட்டு கெடக்கு!"

"போலீஸ் வேண்டாங்க்கா!" மூக்கைச் சிந்தியபடி கெஞ்சியது பிணம். "மிச்ச நாளைக்கு இங்கயே ஒழுங்கா இருந்துக்கறோம்!"

"நான் மாசக் கணக்குலதான் வீடு விடுறது தம்பி. உங்களுக்கு வருசக் கணக்குல வேணும். மதுரையில கவர்மென்டே விடுது... அட்வான்ஸ்கூடக் கேக்க மாட்டாங்க!"