கட்டிலோரக் குழாய்

தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மோட்டாரும் ஓடவில்லை, ஆனாலும் சாத்திக் கிடந்த உள்ளறையில் இரும்புக் குழாய் டங், டங் என்றது. அரிசி களைந்துகொண்டிருந்த ஆதிலட்சுமியின் கை அப்படியே நின்றது. இரண்டு தட்டு, சற்று இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. மகள் துர்கா தண்ணீர் கேட்டால் அப்படித்தான் தட்டுவாள். துர்கா செத்து நாற்பது நாளாகிறது.

ஒன்பது வயதுப் பிள்ளை. காய்ச்சலில் கூப்பிடக் குரல் எழும்பாமல், கட்டிலை ஒட்டித் தரையிலிருந்து ஏறும் குழாயை ஸ்பூனால் தட்டும். அந்தக் கடைசி மத்தியானம் முன்னறையில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய முகூர்த்தச் சேலை. தறி ஓடுகிற வீட்டில் இடி விழுந்தாலும் கேட்காது. நிறுத்திவிட்டு உள்ளே போனபோது பிள்ளை ஸ்பூனைப் பிடித்தபடியே விறைத்திருந்தது, உதடெல்லாம் வெடித்திருந்தது. பெற்ற வயிறு பற்றி எரியாதா? அன்றோடு அவள் தறியைத் தொடவில்லை. தறி ஓய்ந்த பிறகுதான் தட்டுவது கேட்க ஆரம்பித்தது.

செத்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் வைப்பது காரியம் முடியும் வரைக்கும்தான். அதற்கப்புறமும் வைத்தால் போகிற உயிர் போகாது என்பார்கள். பாவி மனசு கேட்குமா? இவள் தினமும் கட்டிலடியில் வைத்தாள். காலையில் சொம்பு காய்ந்து கிடக்கும்.

குழாய் துருப்பிடித்து, சாயம் போட அலசிய வெள்ளைப் பட்டெல்லாம் பழுப்புக் கறையாகிப் பாழானது. புருஷன் தென்னரசு பிளம்பர் மாணிக்கவேலை அழைத்து வந்தான். டேப்பைப் போட்டு அளந்தவர் இரண்டு வழி சொன்னார். தரையை உடைத்துப் பழையதைப் பிடுங்கிவிட்டு அதே தடத்தில் புதுக் குழாய் போடலாம்; தண்ணீர் வேகமாக வரும். இல்லையென்றால் பழையதை இரண்டு பக்கமும் அறுத்து அப்படியே விட்டுவிட்டு, வெளிச்சுவர் வழியாகப் பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு போகலாம்; வெயிலில் தண்ணீர் கொதிக்கும். பிடுங்கிவிடுங்கள் என்றான் தென்னரசு.

"தரைய ஒடைக்காதீங்க. வெளியாலயே போட்டுடுங்க" என்றாள் ஆதிலட்சுமி.

தென்னரசு அவளைப் பார்க்காமலே கேட்டான். "எத்தினி நாளைக்கு அத கேட்டுகினு இருப்ப?"

அவனுக்கும் கேட்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கட்டிலருகே இடுப்புயரத்தில் ஓர் அறுப்பு, கொல்லையில் ஓர் அறுப்பு. நாலு மணிக்குள் வேலை முடிந்தது. அறுத்த வாய்களுக்கு நாளைக்கு மூடி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு மாணிக்கவேல் போனார். புதுக் குழாயில் தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. வீட்டில் சத்தமே இல்லை. பிள்ளையை இரண்டாம் தடவை பறிகொடுத்த மாதிரி ஆதிலட்சுமிக்கு அழுகை முட்டியது. உள்ளறைக் கதவைத் திறந்தாள். துருவும் காய்ச்சல் மருந்தும் கலந்த வாடை, மடித்து வைத்த போர்வை, ஜன்னல் வழியாக விழுந்த சாய்ந்த வெயில்.

டங்.

வெயில் அசையவில்லை. குழாய் மட்டும் அதிர்ந்தது. டங், டங், டங். இடைவெளியே இல்லை.

சொம்புத் தண்ணீரை அறுத்த வாயில் ஊற்றினாள். மடக் மடக்கென்று உள்ளே விழுங்கும் சத்தம். இன்னொரு சொம்பு. பிறகு வாளியோடு.

கொல்லையிலிருந்து தென்னரசின் குரல் வந்தது. "ஆதி, என்னா ஊத்தற? இந்தப் பக்கம் சொட்டுகூட வரலயே."

வாளி காலி. தட்டுவது நிற்கவில்லை.

"இரு கண்ணு, கொண்டாரேன்." அந்தத் துடிப்பை அமர்த்த உள்ளங்கையால் குழாயின் வாயை மூடினாள்.

வறண்ட ஒரு சின்ன நாக்கு கையை நக்கியது.

பிறகு உதடுகள். வெடித்த உதடுகள். உறிஞ்சின.

மணிக்கட்டு வரை சில்லிட்டது. முழங்கை வரை. இழுத்திருந்தால் கை வந்திருக்கும். அவள் இழுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். கையை வாகாக அழுத்தி வைத்தாள்.

"மெள்ள குடி. பொறை ஏறிடும்."

அவள் விரல்கள் ஒவ்வொன்றாக வற்றிச் சுருங்கின. மறு கையால் குழாயைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.