மக்ரூன் நல்லா வாங்கிக்கிடுது

முயலைப் பார்க்க வருகிறவர்கள் போகும்போது ‘வரேன்’ சொல்வதில்லை என்பதைப் பெர்சிஸ் கவனிக்கவே இரண்டு மாதம் ஆகிவிட்டது.

வரும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். “இன்னாமா, துன்னியா?” என்று விசாரிப்பார்கள். கூடத்து மூலையில் பழைய பெட்ஷீட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் மக்ரூனின் முதுகில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தடவுவார்கள். அப்புறம் எழுந்து, ஒரு வார்த்தை இல்லாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிவிடுவார்கள். கீழே குழாயைத் திறந்து கால் கழுவுகிற சத்தம் இரண்டாம் மாடி வரைக்கும் கேட்கும். தூத்துக்குடிப் பக்கம், பெர்சிஸின் ஊரான நாசரேத்தில் எழவு வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவார்கள். மெட்ராஸ் மரியாதை இவ்வளவுதான் போல என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்து ஒன்றரை வருஷம். புருஷன் பெனிட்டோவுக்குக் காசிமேட்டில் கயிறும் வலை மிதவையும் விற்கிற கடை. விடியுமுன் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவான். கட்டடத்தில் மற்ற எல்லாரும் கடலுக்குப் போகிற குடும்பங்கள், ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். பேச ஆளில்லாமல் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, பெனிட்டோதான் ஒரு நாள் அட்டைப்பெட்டியில் அந்த வெள்ளை முயலைக் கொண்டுவந்தான். தூத்துக்குடி மக்ரூன் மாதிரி, வாயில் போட்டால் கரைந்துவிடும் போல இருந்தது. பெயர் அப்படி வந்ததுதான். அது வந்த பிறகுதான் அந்த வீட்டில் அவளுக்கு மூச்சு வந்தது. உண்மையைச் சொன்னால், புருஷனைவிட அதனிடம்தான் அவள் அதிகம் பேசினாள்.

அந்த உயிருக்குத்தான் அடிக்கடி வயிறு நின்றுபோனது.

முதல் தடவை அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வைத்த முள்ளங்கிக் கீரை வைத்தபடி கிடந்தது. புழுக்கை ஒன்றுகூட இல்லை. முதுகைக் கூனிக்கொண்டு, காது சில்லிட்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே இருந்த பெண் டாக்டர் பொறுமைசாலி. குழந்தைகளுக்குக் கொடுக்கிற வாயுச் சொட்டு மருந்து எவ்வளவு, தீவனப் பொடியை வெந்நீரில் கரைத்து முன்பல்லுக்குப் பக்கத்து இடைவெளியில் சிரிஞ்சால் எப்படிப் புகட்டுவது, வயிற்றை எந்தப் பக்கமாக நீவுவது என்று எல்லாம் செய்து காட்டினாள்.

“முயலுக்கு வாந்தி எடுக்க வராதும்மா. உள்ள போனது எதுவா இருந்தாலும் அதுதான் தாங்கியாகணும். தினமும் வயித்துல காது வெச்சுக் கேளுங்க. களக் களக்னு சத்தம் வரணும்.”

பெர்சிஸ் இரண்டு நாள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மக்ரூன் சிரிஞ்சை நக்கத் தொடங்கியபோது, அவள் அழுதே விட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் முதல் மாடி குணசுந்தரி வந்து எட்டிப் பார்த்தாள். துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவள். மெல்லப் பேசினாலே தெருமுனை வரைக்கும் கேட்கும்.

“இன்னாமா, வாங்கிக்குதா?”

நாசரேத்தில் பச்சைப் பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்கிற கேள்வி அது. பெர்சிஸுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “ஆமாக்கா. இப்போ நல்லா வாங்கிக்கிடுது.”

குணசுந்தரியின் முகம் அப்படியே மலர்ந்தது. படியில் நின்று கீழே பார்த்து, “வாங்கிக்குதாம்டீ!” என்று கூவினாள். மறுநாளிலிருந்துதான் ஆள் வரத்து தொடங்கியது. மூன்றாம் மாடி ஜோதிகா, ஜுரத்தில் சிணுங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையோடு வந்தாள். படகில் விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்ட செல்வம் சுவரைப் பிடித்தபடி வந்தான். ஊரே மக்ரூனைக் கொஞ்சுகிறதே என்று பெர்சிஸ் பூரித்துப்போய் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். ஒருவரும் குடிக்கவில்லை.

இரண்டாவது தடவை வயிறு நின்றது. மூன்றாவது தடவை. “வீட்டுக்கு நிறைய பேர் வராங்களா? பயத்துலகூட இப்படி ஆகும்” என்றாள் டாக்டர். பெனிட்டோவிடம் சொன்னதற்கு, தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற அவன், “ஏன் பெர்சி, அக்கம்பக்கத்தோட அனுசரிச்சுப் போயேன்” என்று முடித்துவிட்டான்.

வியாழக்கிழமை கிருஷ்ணப்பன் வந்தார். கீழ் வீட்டுப் பெரியவர், செல்வத்தின் அப்பா. அவர் இருமல் அந்தக் கட்டடத்துக்கே கடிகாரம். இரண்டு குட்டை இருமல், பிறகு ஒரு நீள இருமல், கடைசியில் நெஞ்சுக்குள் எதையோ இழுத்துப்போகிற மாதிரி ஒரு கரகரப்பு. படிக்குப் படி நின்று ஏறி வந்தவர், மக்ரூன்மேல் இரண்டு கையையும் வைத்தார். மக்ரூன் ஓடவில்லை. ஓட முடியாதது போல அமுங்கிக்கொண்டது. அவர் எழுந்தபோது முதுகு நிமிர்ந்திருந்தது. இருமாமலே இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பெர்சிஸ் கீரை அரிந்துகொண்டிருந்தபோது ஏதோ குறைகிறது என்று தோன்றியது. எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தன. கடல் காற்றில் கருவாடும் டீசலும் எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் கலந்த அந்தப் பழகிய வாடை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. மேல் வீட்டில் ஜோதிகாவின் குழந்தை கலகலவென்று சிரித்தது. எல்லாம் இருந்தது. இருமல் மட்டும் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று பதறி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கிருஷ்ணப்பன் தெருவில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பினாள். மக்ரூன் முதுகைக் கூனி உட்கார்ந்திருந்தது. கீரை வைத்தபடி கிடந்தது.

ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டாள். வயிறு கல்லாக இருந்தது. ஃபேனை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி, வெதுவெதுப்பான அந்த ரோமத்தில் காதை அழுத்தினாள். களக் களக் இல்லை. முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு, ரொம்ப ஆழத்திலிருந்து, கிணற்றுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போல, வந்தது.

இரண்டு குட்டை. ஒரு நீளம். அப்புறம் கரகரப்பு.

பெர்சிஸ் தலையைத் தூக்கினாள். மக்ரூனின் வாய் மூடித்தான் இருந்தது. மறுபடி காதை வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. வைக்காமலும் இருக்க முடியவில்லை. வைத்தாள். இருமலுக்குப் பின்னால், இன்னும் தள்ளி, ஒரு கைக்குழந்தை ஜுரத்தில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

அன்று முழுக்க மருந்து கொடுத்தாள். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்தாள். வயிற்றை நீவி நீவி விரல் மரத்துப்போனது. எதுவும் அசையவில்லை. வேப்பேரி டாக்டர் போனில், “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரியாகலைன்னா தூக்கிட்டு வந்துடுங்க. அதுக்கு மேல தாங்காது” என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் வரை சரியாகவில்லை. அந்த வீட்டுத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, போட வராது; யாரும் வந்து தொடக் கூடாதென்று காலையிலேயே பூட்டை உள்ளிருந்து திருகி வைத்திருந்தாள். யாரும் தட்டவில்லை. மக்ரூனைக் கூடையில் வைத்துக்கொண்டு, பூட்டில் கை வைத்தபோதுதான் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு. ஒருவருடையது இல்லை.

துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு பேராகக் குந்தியிருந்தார்கள். கட்டுப்போட்ட கால். வீங்கிய கன்னம். மடியில் துவண்டு கிடக்கும் பிள்ளைகள். இந்தக் கட்டடத்து முகங்கள் பாதிகூட இல்லை. கதவை ஒட்டி, உள்ளங்கையைப் பலகையில் பதித்தபடி, குணசுந்தரி.

“அக்கா, அதுக்கு முடியல. வழிவிடச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்.”

“தெரியும்மா. ரொம்ப ஏறிப்போச்சு. இன்னா பண்ண, அது வாங்கிக்கினு கீது, அதான் நாங்க நல்லா கீறோம்.”

“என்னத்த வாங்கிக்கிடுது?”

“இன்னாமா தெரியாத மாதிரி கேக்கற? ஜோதிகா புள்ள ஜுரம், செல்வத்து இடுப்பு, மாமாவோட இருமலு. நல்லா வாங்கிக்குதுன்னு நீதான சொன்ன? உன் வாயால நீ சொல்லாங்காட்டி நாங்க ஏன் மேல ஏறி வரப்போறோம்?”

ஒரு வார்த்தை. அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“அக்கா, அது செத்துரும்கா.”

“அதாம்மா எங்களுக்கும் பேஜாரா கீது. முன்ன இந்த வூட்ல ஒரு கிளி இருந்துச்சு. பாவம், தாங்கல.”

“அதுக்கு முன்னால?”

படியில் யாரோ கால் மாற்றி உட்கார்ந்தார்கள். “தங்கமான பொண்ணு” என்றாள் குணசுந்தரி. “உன்ன மாதிரியே.”

பெனிட்டோவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். கூடைக்குள் பல் கடிக்கிற சத்தமும் நின்றுவிட்டிருந்தது. மக்ரூனின் கண் பாதி மூடி, வெள்ளை விழுந்து கிடந்தது. பெர்சிஸ் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஜெபம் பண்ண வாயைத் திறந்தவளுக்கு ஒரு வசனமும் வரவில்லை. வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்கிற அதே பேச்சுதான். நினைத்துச் சொல்வதில்லை அது. தானாக வரும்.

“இதோட நோவெல்லாம் எனக்கு வரட்டும் ஆண்டவரே. இத விட்டுரும். எனக்கு வரட்டும்.”

கதவுக்கு வெளியே மூச்சுகள் எல்லாம் ஒன்றாக நின்றன.

“இன்னொருதபா சொல்லுமா,” என்றாள் குணசுந்தரி, மெல்ல.

அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. கைக்குள் ஏதோ துள்ளியது. மக்ரூன் காதை உதறிக்கொண்டு குதித்து இறங்கியது. பொலபொலவென்று புழுக்கை உதிர்ந்தது. நேரே போய்க் கீரையைக் கடித்தது. பெர்சிஸ் சிரித்தாள். அழுதாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றாள். கொத்தமல்லி எடுத்துவர எழப் பார்த்தாள்.

கால் வரவில்லை.

வயிறு கல். காது இரண்டும் சில்லிட்டன. குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டாள். ஒன்றும் மேலே வரவில்லை. வராது. உள்ளே, மிக ஆழத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு குழந்தை அழுதது. அவளுக்குத் தெரியாத ஒரு பெண், பொறுமையாக, முனகிக்கொண்டே இருந்தாள்.

பூட்டில் சாவி திரும்பியது. பெனிட்டோவின் சாவி. அந்தக் கொத்தின் சத்தம் அவளுக்குத் தெரியும். கடையை விட்டு வந்துவிட்டான். கடவுளே, வந்துவிட்டான்.

“என்னங்க...” வாய் அசைந்தது. குரல் இல்லை.

கதவு திறந்தது. பெனிட்டோ அதை அகலத் திறந்துவைத்துவிட்டு, மற்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். குணசுந்தரி முதலில் வந்தாள். பின்னால் ஒருவர். பின்னால் ஒருவர். மூலையில் கீரை தின்றுகொண்டிருந்த முயலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெண் தன் மடியிலிருந்த பிள்ளையின் சூடான கையைப் பிரித்து, பெர்சிஸின் வயிற்றில் பதிய வைத்தாள். ரொம்பப் பிரியமாக. பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர்கள் எழுந்தார்கள். அடுத்தவர் உட்கார்ந்தார்.

வரிசை நிலைப்படியைத் தாண்டிப் படியில் வளைந்து இறங்கியது. அதன் கடைசியில் பெனிட்டோ போய் நின்றுகொண்டான். கயிறு அறுத்த கையில் கடைத் துணி சுற்றி, துணி முழுக்க ரத்தம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னால் நின்றவர் நகர, அவனும் ஒரு படி ஏறி நின்றான்.