நூற்றுப் பதினான்காம் சிற்பத்தின் விடுதலை நாள்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது: நூற்றுப் பதினான்காம் எண் சிற்பம் காலத்தை வென்ற கலைச்செல்வம் என்று நிபுணர் குழுவால் ஒருமனதாகப் பிரகடனம் செய்யப்பட்டுள்ளது. பார்வையாளர்கள் ஒரு நிமிடம் மெய்சிலிர்க்கக் கடவர்.

எப்சிபா ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடந்தாள். பூங்காவில் வாரம் ஒரு பிரகடனம்; எண்ணை அவள் காதில் வாங்கவில்லை. ஏழு வருஷமாக மாதம் ஒரு ஞாயிறு இதே புல்வெளி. இன்று மட்டும் பையில் அண்ணனின் லுங்கியும் கட்டம்போட்ட சட்டையும் இருந்தன.

சிறைகளை மூடிவிட்டு உறைநிலைத் தண்டனை கொண்டுவந்த புதிதில், உயிரோடு உறையவைத்த கைதிகளைக் கிடங்கில்தான் அடுக்கினார்கள். இடம் போதவில்லை. யாரோ ஒரு புத்திசாலி அவர்களை வெளியே நிறுத்தி, வெண்கலப் பூச்சு அடித்து, நுழைவுச்சீட்டும் போட்டுவிட்டார். அனுமதியில்லாமல் போர்வெல் போட்ட அவள் அண்ணன் தேவசகாயம் 114 ஆனது அப்படித்தான். வலது கை பின்னால் வளைந்திருக்கும். முகம் ஒரு கோணல்.

“இன்னையோட ஏழு வருஷம் முடியுது சார். உருக்கி விடுங்க, அண்ணனைக் கூட்டிட்டுப் போறேன்.”

காப்பாட்சியர் திருவேங்கடம் கனிவாகச் சிரித்தார். “தண்டனை முடிஞ்சிருச்சும்மா. சிற்பம் முடியலையே. கலைச்செல்வத்தை அசைக்கச் சட்டத்துல இடமில்ல. அந்தக் கையப் பாருங்க. பிரபஞ்சத்தைத் தேடுற மனிதகுலம்.”

“அப்படி அர்த்தமே இல்லேன்னா?”

“அர்த்தம் இல்லாட்டி அது சிற்பமே இல்லம்மா. வெறும் ஆளு. தாராளமா கூட்டிட்டுப் போங்க.”

அழ வேண்டிய இடம்தான். வரவில்லை. பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

“அண்ணனுக்கு முதுகுல வேர்க்குரு சார். ‘பொறுங்க, சொறிஞ்சுக்கிறேன்’னு கையைக் கொண்டுபோனாரு. அதுக்குள்ள பொத்தானை அமுக்கிட்டாங்க. பக்கத்துலதான் நின்னேன். இப்பவும் அரிக்குதோ என்னமோ.”

திருவேங்கடம் உடனே குழுவைக் கூப்பிட்டார். மூன்று பேர் வந்து சிற்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

“அரிப்பு,” என்றார் ஒருவர்.

“கை எட்டாத இடத்து அரிப்பு,” என்றார் இன்னொருவர். குரல் தழுதழுத்தது.

“இந்த ஆழம் எங்களுக்கே பிடிபடலம்மா,” என்று காப்பாட்சியர் கும்பிட்டார். “இனி இதை யாரும் தொட முடியாது. அந்தச் சட்டை அவரோடதா? கண்ணாடிப் பெட்டியில வைக்கலாமே.”

அவள் கொடுத்தாள். லுங்கியையும் கேட்டார்கள். அதையும் கொடுத்தாள்.

அடுத்த மாதம் அவள் வந்தபோது புதுப் பெயர்ப்பலகை நட்டிருந்தார்கள்: ‘மானுடத்தின் அறிப்பு’.

வல்லின ‘ற’ போட்டிருந்தார்கள்.