வாழ்நாள் விலக்கு

நிலவின் தென்குழியில் மாசி மாதம் பிறந்தால் காற்று வரி தொடங்கிவிடும். அந்த மாதம் முழுக்க வீடுகளுக்கு வரும் காற்று பாதியாகக் குறையும். மிச்சப்பட்டதைக் கொண்டு புதிதாகக் குடைந்த குடியிருப்புகளை நிரப்புவார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. மாசியில் படி ஏறமாட்டார்கள், உரக்கப் பேசமாட்டார்கள், வீட்டுச் சண்டைகளைப் பங்குனிக்குத் தள்ளிவைப்பார்கள்.

சகாயமேரியின் உடம்புக்கு அது பழகவில்லை. தக்காளிப் பண்ணையில் செடிகளுக்கு நோய் பார்க்கும் வேலை அவளுக்கு. பிறவியிலேயே மார்புத் தசைகளில் வலு இல்லை. பாதிக் காற்றில் ஒரு நாளைக்கூட அவளால் தாண்ட முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கு வரிவிலக்கு உண்டுதான். ஆனால் ஆண்டுதோறும் மாசிக்கு முன்பே நிரூபிக்க வேண்டும்.

மூச்சுக் குறை உள்ளவர்கள் நிரூபிக்கும் இடம் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே உட்கார்ந்ததும் கதவு பூட்டிக்கொள்ளும், காற்று மெலியும். மயங்கினால் விலக்கு. மயங்கிய இரண்டு நிமிடத்துக்குள் கைரேகையும் வைத்தாக வேண்டும். இத்தனை வருடமும் அங்கிருந்த குமாஸ்தா அவள் விரலைத் தானே எடுத்து அழுத்திவிடுவார். இந்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய நாற்காலியில் ஒரு வரிப்பொறி உட்கார்ந்திருந்தது. கனிவான குரல், பிழையில்லாத தமிழ்.

முதல் நாள் மயங்கி எழுந்தவளிடம் அது சொன்னது: “கைரேகை கிடைக்கவில்லை. நாளை வாருங்கள்.”

மறுநாள் மயங்குவதற்கு முன்பே விரலை வைத்துவிட்டாள். அவள் கண் விழித்ததும் பொறி சொன்னது:

“மயக்கத்தைத் திட்டமிட முடிந்திருக்கிறது. எனவே ஏற்க இயலாது. மீண்டும் சோதிக்கிறேன்.”

கதவு திறக்கவில்லை. வெளியே அவள் கணவன் ராயப்பன் கண்ணாடியில் அறைந்தான். “மறுபடியும் மயங்குனா எந்திரிக்க மாட்டா சார்! விட்டுருங்க!”

சகாயமேரி மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டாள். “இப்படிச் சோதிக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?”

பொறி தேடியது. “சட்டத்தில் இல்லை. பிறவிக் குறை உள்ளவர்களுக்கு வாழ்நாள் விலக்கு என்று மட்டுமே இருக்கிறது.”

“பின்ன எதுக்கு வருஷா வருஷம்?”

“முன்பிருந்தவர் செய்த வழக்கத்தைத் தொடர்ந்தேன். பூமியின் முந்நூறு ஆண்டுக் கோப்புகளைப் படித்து வேலை கற்றேன். எல்லாவற்றிலும் அதிகாரிகள் முதலில் நம்ப மறுக்கிறார்கள், பிறகு திரும்ப வரச் சொல்கிறார்கள். அதுவே முறை என்று நினைத்தேன். தவறென்றால் திருத்திக்கொள்கிறேன். இங்குள்ளவர்கள் சொல்லட்டும்.”

அது வரிசையைப் பார்த்தது. முப்பத்தொரு பேர் நின்றிருந்தார்கள், எல்லோரும் விலக்குக் கேட்டு வந்தவர்கள். “இவரைச் சோதிக்காமல் நம்பலாமா?”

ராயப்பன் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டான். முன்னால் நின்றவர் மாசிலாமணி, இயந்திரக்கால் பொருத்தியவர். “பாத்தா நல்லாத்தான இருக்கு அந்தப் பொம்பள?” என்றார். “நான் வருஷா வருஷம் காலக் கழட்டிக் காட்டுறேன். அது மட்டும் சும்மா வாங்கிட்டுப் போயிருமா?”

பின்னாலிருந்து ஒரு குரல். “ஆமா, சோதிக்கணும்.” கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. உயராதவை இரண்டோ மூன்றோ.

“நன்றி. நம்பாமல் இருப்பதே முறை என்று உறுதியாகிவிட்டது. உங்கள் முப்பத்தொரு பேருக்கும் வாழ்நாள் விலக்கு ஆணை தயாரித்து வைத்திருந்தேன். இப்போது அழித்துவிட்டேன். இனி எல்லோருக்கும் இந்தக் கூண்டுதான்.”

உயர்ந்த கைகள் இறங்கின. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கூண்டில் காற்று மெலியத் தொடங்கியது. சகாயமேரி யாரையும் திட்டவில்லை. திட்ட மூச்சில்லை. தரையில் இறங்கி உட்கார்ந்தாள். தாழப் பதித்திருந்த ரேகைத் தகட்டுக்கு ஓர் இழை மேலே கட்டைவிரலை நிறுத்தி, சரிந்தால் அந்தக் கையின் மேலேயே விழும்படி சாய்ந்துகொண்டாள். நினைவு தப்பியபோது அவளுடைய எடையே விரலைத் தகட்டில் அழுத்தியது.

“ஓராண்டு விலக்கு வழங்கப்பட்டது” என்றது பொறி. கதவு திறந்தது. ராயப்பன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வரிசையைக் கடந்து வெளியே ஓடினான். நடைபாதையின் முழுக்காற்றில் கிடத்தியபின் வெகுநேரம் கழித்துத்தான் அவள் இருமினாள். அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

உள்ளே, “அடுத்தவர்” என்றது பொறி.

மாசிலாமணி கூண்டின் வாசலில் நின்றுவிட்டார். “எனக்குக் கால்தானய்யா இல்ல? மூச்சு நல்லாத்தான இருக்கு. இதுக்குள்ள எதுக்கு?”

“இதே போன்ற கேள்வியைப் பூமியின் கோப்புகளில் பல லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள்” என்றது பொறி கனிவாக. “யாருக்கும் பதில் சொன்னதாகப் பதிவில்லை. உள்ளே போங்கள்.”