பிறர் பங்கு

காலையில் வாசலிலேயே ஏழு ரோபோக்களைத் திருப்பி அனுப்பிவிட்டது சிந்தைமானி என்ற கருவி. ஏழும் பிள்ளைகள் பெயரில் அப்பாக்கள் செய்தவை. ரோபோவுக்குள் கட்டாயமாகப் பொருத்தவேண்டிய செவிச்சில்லு, முதல் திருகாணி தொடங்கி அருகில் நடப்பதையெல்லாம் பதிந்துகொள்ளும். எந்த யோசனை யாருடையது என்று சிந்தைமானி அதைப் படித்துப் பெயரும் சதவீதமுமாகத் திரையில் காட்டிவிடும். பிறர் பங்கு பத்தைத் தாண்டினால் போட்டியில் இடமில்லை.

ஈரோட்டுச் சிறார் ரோபோ போட்டியின் தொண்டர்கள் எல்லோரும் பதினோராம் வகுப்பு மாணவர்கள். உதவி மேசை பூங்கோதையிடம் இருந்தது. அவள் எதையும் தொடவில்லை, விடையும் சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டாள்.

"இடது சக்கரம் எந்தப் பக்கம் சுத்துது, பாத்தியா கண்ணு?"

கேட்டதும் குழந்தை குனிந்து பார்க்கும், தலையில் தட்டிக்கொள்ளும், வயரை மாற்றும். சுவரில் முட்டிக்கொண்டிருந்த ரோபோ வண்டிகள் மதியத்துக்குள் போட்டிக்கான பந்துகளைப் பொறுக்கின. தானே ஜெயித்தது மாதிரி பூங்கோதைக்குப் பெருமை பிடிபடவில்லை.

மாலையில், கோப்பை தருமுன் கடைசிச் சோதனை. முதலிடம் பெற்ற ரோபோவைச் சிந்தைமானி படித்தது. 'பூங்கோதை: 23.' அடுத்ததில் 19. அதற்கடுத்ததில் 27. இருபத்தோரு ரோபோக்களிலும் அவள் பெயர், பத்துக்கு மேல்.

"நான் ஒண்ணையும் தொடலீங்க சார்," என்றாள்.

"தொட்டியான்னு அது பாக்கறதில்லம்மா," என்றார் தலைமை நடுவர் நல்லசிவம். சிந்தைமானியை வடிவமைத்தவரே அவர்தான். "நீ கேட்ட கேள்விதான் பசங்களுக்கு வழி காட்டியிருக்கு. கேள்வியும் யோசனைதானே. விதின்னா விதிதான்."

தன்னால் இருபத்தோரு அணிகள் வெளியே. பூங்கோதைக்கு அழுகை முட்டியது. அப்படியும் திரையில் வரிசையாகத் தன் பெயரைப் பார்த்தபோது உள்ளுக்குள் ஒரு பூரிப்பு வந்தது, அதை நினைத்து வெட்கமும் வந்தது.

பிறர் பங்கு பூஜ்யம் என்று வந்தது ஒன்றே ஒன்றுதான். ஆறாம் வகுப்பு சம்யுக்தாவுடையது. யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு மூலையிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய ரோபோ நாள் முழுக்க ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கோப்பை அதற்குத்தான் போனது. கைதட்டல் பேருக்கு எழுந்து அடங்கியது.

சம்யுக்தா கோப்பையோடும் ரோபோவோடும் உதவி மேசைக்கு வந்தாள்.

"அக்கா, இது ஏனுங்க ஓட மாட்டேங்குது?"

"எங்கிட்டக் கேட்டா கப்பைத் திருப்பி வாங்கிக்குவாங்க கண்ணு."

சம்யுக்தா கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். போய் நல்லசிவத்தின் கையில் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இப்பச் சொல்லுங்கக்கா."

நல்லசிவமும் பின்னாலேயே வந்துவிட்டார். பூங்கோதை வாயைத் திறக்கும் முன் அவர் குனிந்து ரோபோவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அந்தச் சிவப்பு வயர் லூசா இருக்கு பாரு, கண்ணு."

சம்யுக்தா வயரை அழுத்தினாள். ரோபோ சிலிர்த்து, மேசையின் மறுமுனை வரை ஓடியது. இந்த முறை அரங்கமே எழுந்து கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் நல்லசிவம்தான்.

அணைக்க மறந்திருந்த சிந்தைமானி ரோபோவைப் படித்துத் திரையில் எழுதியது: 'நல்லசிவம்: 31.'